ஏரி மீனும் அதன் பருவமும்

குல வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னர் பெயரையும் புராணக் கதையையும் தேடிச் செல்வர். அவை வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆயினும் நீரோடு பிறந்து நீரோடு வாழ்ந்த செம்படவர் குலத்துக்குக் கல்லிலும் செப்பேட்டிலும் எழுதப்படாத வரலாறு ஒன்று உண்டு. எந்த மாதத்தில் எந்த மீன் எந்த இடத்தில் இருக்கும், அதனை எப்பொழுது பிடிக்கலாம், எப்பொழுது விட்டுவிட வேண்டும் என்னும் அறிவே அது. அவ்வறிவு எங்ஙனம் வளர்ந்தது, எங்ஙனம் தேய்ந்தது, இனி நாம் செய்யக்கடவது யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தேம்.

இங்ஙனம் துணிந்தமைக்கு வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றே காரணம். ஆலங்காயத்தில் மாணவர் சிலர்க்குக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேம். அப்பாட்டில் ஒரு குருகு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கின்றது. "ஆரல் என்பது யாது?" என்று வினவினேம். "ஒருவகை மீன், ஐயா" என்று ஒரு மாணவன் உடனே விடை கூறினான். "கண்டவர் உளரோ?" என்றேம். ஒருவரும் இலர். அவருள் நம் குலத்துப் பிள்ளைகளும் இருந்தனர். வீடு திரும்பும்போது எமக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. புலவர் தேர்வில் யாமும் "ஆரல்: ஒருவகை மீன்" என்றே எழுதி மதிப்பெண் பெற்றேம். எம் பாட்டனாரோ அம்மீனைப் பறியில் கொணர்ந்து எம் வீட்டு முற்றத்தில் கொட்டியவர்! உரைநூல் தந்த மூன்று சொல்லை ஏற்று, பாட்டனார் தந்த அறிவை மறந்த குற்றம் எம்முடையது. பிள்ளைகளை நோவதில் பயன் இல்லை.

ஏரி நாடு

தொண்டை மண்டலம் ஏரிகளால் அமைந்த நாடு. பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திர நாட்டின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி வழியே நம் நாட்டினுள் புகுகின்றது. ஆண்டில் பெரும்பகுதி மணலே தோன்றும் ஆறு அது. சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் அன்றிப் பன்னிரு மாதமும் உயிர் வாழ முடியாது என்பதை உணர்ந்த முன்னோர், தாழ்ந்த நிலந்தோறும் கரை எழுப்பினர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகத்தை அமைத்து, அதன் பக்கத்தே பாறையைக் குடைந்து திருமால் கோயிலும் எடுத்தான். பழைய வட ஆர்க்காட்டின் ஏரிகளுள் பெரியதாகிய காவேரிப்பாக்கம் ஏரி, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்பர். இவ்விரண்டும் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளன.

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். இம்மலைப் பகுதியின் ஒரு பக்கத்து நீர் பாலாற்றைச் சேரும். மற்றொரு பக்கத்து நீர் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையைச் சேரும். இங்குள்ள ஏரிகள் காவேரிப்பாக்கம்போல் கடலென விரிந்தன அல்ல. ஆயினும் அமைப்பு ஒன்றே. மேலேரி நிறைந்து கோடி போனால் அந்நீர் கீழேரிக்கு வரத்தாகும். கீழேரி கோடி போனால் அதற்கும் கீழுள்ளது நிறையும். சங்கிலிபோல் தொடுக்கப்பட்ட இவ்வமைப்பு பயிருக்காக ஏற்பட்டதாயினும், மீனுக்கும் அதுவே வழியாயிற்று.

கோடையில் வெடித்துக் கிடந்த ஏரியில், மழை பெய்த சில வாரங்களில் மீன் துள்ளுவதைக் கண்டு, மீன் மழையோடு விழுந்தது என்று கூறுவார் உளர். நம் முன்னோர் அங்ஙனம் மயங்கியவர் அல்லர். மேலேரியின் கோடிநீர் மீனையும் குஞ்சையும் கொணரும். கால்வாய்க் குட்டையிலும் ஆற்று மடுவிலும் ஒதுங்கியிருந்த தாய்மீன் புதுநீரை எதிர்த்து ஏறிவரும். விரால், குறவை, தேளி ஆகியவை ஈரச்சேற்றினுள் புதைந்து கிடந்து நீர் வந்தவுடன் வெளிப்படும். இம்மூன்று வழியும் அடைபட்டால் ஏரி நீரால் நிறையுமே அன்றி மீனால் நிறையாது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து ஏரிகள் பல கோடி போயின. பல ஆண்டு அறுபட்டிருந்த சங்கிலி மீண்டும் பொருந்திய காலம் அது.

மீன் வகை

நம் ஏரிகளின் மீனை இருவகையாகப் பிரித்துக் காணலாம். நீரில் கரைந்த காற்றையே பெரும்பாலும் செவுளால் கொண்டு வாழ்வன ஒருவகை. மேலே வந்து வெளிக்காற்றையும் கொள்ள வல்லன மற்றொரு வகை.

முதல் வகையுள் கெண்டை இனம் பெரிது. சேல், கயல், கெண்டை என்று புலவர் மகளிர் கண்ணுக்கு உவமை கூறியவை இவ்வினத்தனவே. விரல் நீளமே உள்ள அயிரை மணல் தரையில் கூட்டமாய்த் திரியும். உளுவை தரையோடு ஒட்டிக் கிடக்கும். கெளுத்திக்கு மீசையும் முள்ளும் உண்டு. வாளை செதிலற்றது, பிற மீனை விழுங்கி ஆள் கையினும் நீண்டு வளர்வது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், வயலோர மாமரத்தினின்றும் விழுந்த பழத்தைக் கவ்வுவது இவ்வாளையே. சொட்டைவாளை முதுகு கூனிக் கத்திபோல் தட்டையாய் இருக்கும். ஆரல் பாம்புபோல் நீண்டு, மூக்குக் கூர்ந்து, முதுகில் முள்வரிசை உடையதாய், பகலில் மணலிலும் வேரடியிலும் பதுங்கும். இதுதான் எம் மாணவர் காணாத மீன். விலாங்கின் வரலாறோ வியப்பானது. அது பிறப்பது கடலில். வளர்வது ஆற்றிலும் ஏரியிலும். முதிர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கே மீள்வது. இடையில் அணை குறுக்கிட்டால் அதன் வழி முடிந்தது.

இரண்டாம் வகையுள் தலையாயது விரால். பழைய நூல்களில் வரால் எனப் பயில்வது இதுவே. குறவை அதன் தம்பி. தேளி முள்ளால் குத்தினால் தேள் கொட்டினாற்போல் கடுக்கும். அதன் உடலினுள் காற்றுப்பை உண்டு. பனையேறிக் கெண்டை செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஈரத்தரையில் நகரும். தரங்கம்பாடியில் பனைமரத்தின்மேல் இம்மீனைக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி எழுதிய செய்தி, 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பனையில் ஏறுமோ என்பது பற்றி அறிஞர் நெடுங்காலம் வாதித்தனர். தரையில் நடக்கும் என்பதில் ஐயமே இல்லை.

தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஜான் பாதிரியார் இந்நாட்டு மீன் பலவற்றைப் பெர்லின் நகரத்து மருத்துவர் புளோக் என்பார்க்கு அனுப்பினார். விராலுக்கு அறிவியல் பெயர் இட்டு 1793இல் விவரித்தவரும் அப்புளோக்கே. பின்னர்ச் சென்னை இராணுவத்தில் மருத்துவராய் இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலில், மீன்களுக்கு வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? கரையில் நின்ற மீனவர் வாயிலிருந்தே வந்தன. நாம் கூறினோம், அவர் எழுதினார். எழுதியவர் பெயர் நின்றது. கூறியவர் பெயர் நீரோடு போயிற்று. இதில் அவர்மேல் குறை இல்லை. எழுதாமல் விட்டது நம் குறையே.

பன்னிரு மாதம்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவேம். மீன் மிகுதியாகப் பிடிபடும் காலம் வேறு. மீன் பிறக்கும் காலம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே ஏரி மீனின் அழிவுக்கு முதற்காரணம்.

நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டும் மழை தருவன. ஆடி, ஆவணியில் முதல் வெள்ளம் கலங்கலாய் வரத்துக்காலில் இறங்கும். அந்நீரின் மணம் பட்டதும் சினைகொண்ட கெண்டை எதிர்நீச்சலிட்டு ஏறும். புதிதாக நீர் பரந்த புல்தரையில் முட்டையிடும். அம்முட்டை ஏறக்குறைய ஒருநாளில் பொரியும். நீரில் அமிழ்ந்த புல்லும் இலையும் அழுகி நுண்ணுயிர் பெருக, அதுவே குஞ்சுக்குப் பாலாகும். விரால் இணையாய்ச் சேர்ந்து பாசிக்கிடையே வட்டமாய் இடம் விலக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். குஞ்சு பொரிந்தபின் செந்நிறக் கூட்டமாய் மேலே வர, கீழே தாய்தந்தை காவல் நிற்கும். குஞ்சோடு வரும் விராலைக் குத்தலாகாது என்பது எம் பாட்டனார் கட்டளை. அது வெறும் இரக்கம் அன்று. காவல் போனால் அக்கூட்டம் முழுதும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும். திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏற்றும் உரிமை வழிவழியாகப் பருவதராஜ குலத்தாராகிய நமக்கு உரியது என்பதை அன்பர் அறிவர். அத்தீபம் எரியும் நாளில் நம் ஏரிகள் கரைமுட்ட நிற்கும். மீன் வகையும் எண்ணும் அப்பொழுதே மிகுதி. ஆனால் பரந்த நீரில் மீன் சிதறி இருத்தலால், வலைக்குக் கிடைப்பது குறைவு. மார்கழி, தையில் நீர் தெளிந்து குளிரும். மீன் ஆழத்தை நாடும். மாசி, பங்குனியில் மதகு திறந்து வயலுக்குப் பாய நீர் சுருங்கும். சித்திரை, வைகாசியில் எஞ்சிய குட்டையில் மீன் நெருங்கும். அப்பொழுது ஊத்தாவைக் கவிழ்த்த இடமெல்லாம் மீன்; வீச்சுவலை வீசியபோதெல்லாம் பாரம். பார்ப்பவர் "கோடையில் மீன் மிகுதி" என்பர். உண்மையில் மீன் மிகவில்லை, நீர் குறைந்தது. கார்த்திகையில் நூறு காணி நீரில் இருந்தது வைகாசியில் ஒரு காணி நீரில் இருக்கின்றது.

அவ்வொரு காணி நீரில் இருப்பது சென்ற ஆண்டின் விளைச்சல் மட்டும் அன்று. வரும் ஆண்டின் விதையும் அதுவே. நெல்லை முழுதும் குத்தித் தின்றுவிட்டு ஆடியில் விதைக்கு எங்கே போவது? ஆதலின் ஆழ்மடு ஒன்றை அழிக்காமல் விடுதலும், முதல் வெள்ளத்தில் வரத்துக்காலின் வாயைப் பறியால் அடைக்காதிருத்தலும் முதியோர் எமக்குக் கூறிய முறைகள். எல்லாரும் எப்பொழுதும் அவ்வாறே நடந்தனர் என்று யாம் பெருமை பேசவில்லை. பசி வந்தபோது முறை தவறியதும் உண்டு. ஆயினும் தவறு இது என்று அறிந்தே தவறினர். இன்று அதுவும் இல்லை.

பாட்டமும் பசலியும்

ஏரி மீனின்மேல் வரியும் குத்தகையும் புதியன அல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி காணப்படும். நீர்நிலையில் மீன் பிடித்தற்கு உரிய பாட்டம் அது. இன்றும் அரசாங்க அறிக்கையில் 'மீன்பாசி குத்தகை' என்று வழங்குவது அச்சொல்லின் வழியே. ஏரியைப் பேணற்குத் தனி அவையும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையால் ஏரிவாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறும். அவ்வூர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். ஓடத்தைக் கொண்டு ஏரியில் தூர் வாருதற்குப் பொன்னும் நெல்லும் அறமாக வைத்த செய்திகளும் தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் உள. ஏரியால் வந்த பொருள் ஏரிக்கே ஓரளவு திரும்பியது என்பது இவற்றால் பெறப்படும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் குத்தகை பசலி ஆண்டோடு கட்டுண்டது. பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவது. நிலவரிக்கு இக்கணக்குப் பொருந்தும். மீனுக்குப் பொருந்துமோ? அன்பர்கள் எண்ணிப் பார்க்க. ஓராண்டுக் குத்தகை எடுத்தவனுக்கு ஜூன் 30க்குப் பின் ஏரியில் எஞ்சும் மீன் அவனுடையது அன்று, அடுத்த குத்தகைக்காரனுடையது. ஆதலின் வைகாசி, ஆனியில் கடைசிக் குட்டையையும் இறைத்துத் துடைப்பதே அவனுக்கு ஆதாயம். ஆடியில் முட்டையிட வேண்டிய தாய்மீன் ஆனியில் சந்தைக்குப் போகும். தனி மனிதன் பேராசை ஒருபுறம் இருக்க, நாட்காட்டியே பேராசையைக் கட்டளையிட்டது. பின்னர்ப் பல ஆண்டுக் குத்தகையும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதன்மையும் ஏற்பட்டன. அவை நன்மையே. ஆயினும் குத்தகையின் கடைசி ஆண்டில் பழைய நோய் மீண்டும் தலைகாட்டுதல் இயல்பு.

இந்நோயை அக்காலத்திலேயே உணர்ந்தாரும் உளர். மேற்கூறிய டே, இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராய் இருந்து, 1873இல் நன்னீர் மீன் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். தாய்மீனும் குஞ்சும் தடையின்றி அழிக்கப்படுவதைக் காட்டி, வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. அது வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடித்தலைத் தடுத்தது. சென்னை மாகாணத்தில் 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்துறை தோன்றியது.

இக்கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. கம்போடியா நாட்டில் தொன்லே சாப் என்னும் பேரேரி உண்டு. மழைக்காலத்தில் மேகாங் ஆற்று நீர் பின்னோக்கிப் புகுந்து அவ்வேரி பலமடங்கு விரியும். நீரில் அமிழ்ந்த காட்டினுள் மீன் பெருகும். நீர் வடியும்போது ஆற்றில் இறங்கும் மீனை அந்நாட்டார் பெருவலை கட்டிப் பிடிப்பர். பிறப்பது ஏறுநீரில், பிடிபடுவது இறங்குநீரில் என்னும் நம் முன்னோர் கணக்கே அங்கும். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம் தொட்டு அவ்வேரியும் பகுதி பகுதியாய் ஏலம் விடப்பட்டது. 2012இல் அரசு அக்குத்தகைப் பகுதிகளை முற்றும் நீக்கிற்று. நம் கடற்கரையிலும் 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடி தடைக்காலம் உண்டு. கிழக்குக் கரையில் இன்று அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கடல் மீனுக்குக் கிடைத்த அவ்வோய்வை ஊர் ஏரி மீனுக்கு யாம் கண்டிலேம்.

விதைத்த மீனும் தானே பிறந்த மீனும்

1952இல் திலேப்பியா என்னும் ஆப்பிரிக்க மீன் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. நம் மக்கள் ஜிலேபி என்பது இதனையே. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். வெள்ளத்தை எதிர்பாராது ஆண்டில் பன்முறை பெருகும். வறியோர்க்கு மலிந்த உணவாயிற்று என்பது உண்மை. ஏரிகள் பலவற்றில் நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் உண்மை.

1957ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹீராலால் சௌதரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றிக் கெண்டை இன மீனை முட்டையிடச் செய்தார். அதுவரை கங்கை முதலிய ஆறுகளின் வெள்ளத்தில் குஞ்சு பொறுக்கிக் கொணர்ந்த கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றைப் பண்ணையிலேயே பொரிக்கவும் எங்கும் கொண்டு விடவும் இயன்றது. நாட்டின் உணவுக்கு இஃது அரும்பெரும் உதவி. நம் சங்கத்தார் பலர்க்கு இன்று வருவாய் தருவதும் அம்மீனே. ஆதலின் அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை நினைவிற்கொள்க. நம் ஏரியின் நிலைநீரில் அவை பெரும்பாலும் தாமாகப் பெருகா. ஆண்டுதோறும் விதைத்தல் வேண்டும். விதைத்த மீனுக்குக் கணக்கு உண்டு. தானே பிறந்த மீனுக்குக் கணக்கு இல்லை. கணக்கில் இல்லாதது கண்ணுக்கும் இல்லாததாயிற்று.

அதனினும் கொடிது ஒன்று. குளத்தில் குஞ்சு விடுமுன் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு உள்ள மீனை எல்லாம் கொல்லுதல் வளர்ப்பு முறையுள் ஒன்று. அவ்வாறு கொல்லப்படுவனவற்றுக்கு 'களைமீன்' என்று பெயர் இட்டனர். அயிரையும் கெண்டைப்பொடியும் களையாம்! பேறுகாலத்துப் பெண்ணுக்கு நம் பாட்டிமார் தேடிக் கொடுத்த மீன் அது. முள்ளோடும் தலையோடும் முழுதாய் உண்ணும் சிறுமீனில் சுண்ணாம்புச் சத்தும் கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்தும் மிகுதி என்பதை வங்காள தேசத்தில் ஆராய்ந்து காட்டிய சகுந்தலா தில்ஸ்டெட் அம்மையார்க்கு 2021இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. பெரிய மீனோடு சிறுமீனையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம் என்பதும் அவ்வம்மையார் வற்புறுத்தியதே. தனிக் குளத்தில் ஒருவர் செய்வது அவர் விருப்பம். ஊர்ப் பொது ஏரியில் இம்முறை புகலாகாது என்பதே எம் கருத்து.

தோல் நீர்

பாலாற்றங்கரையின் மற்றொரு துன்பத்தையும் கூறாது விடுதல் நேர்மை ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக உள்ளது. பண்டு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். குரோமிய உப்பால் பதனிடும் முறை 1903 முதல் சென்னையில் சோதிக்கப்பட்டது. பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு 1970களில் வரம்பு ஏற்பட்டபின் அது இங்கு மிகப் பரவியது. இத்தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. அவற்றுள் நம் குலத்தாரும் உளர். ஆயினும் கழிவுநீரும் உப்பும் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தமை நீதிமன்றம் ஏற்ற உண்மை. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்று குறிக்கப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30இலும் அந்நீதிமன்றம் பாலாற்றின் மாசு குறித்து மீண்டும் விரிவாகத் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்திற்று.

நீர் கெட்டதை அறிய நம் முன்னோர்க்குக் கருவி வேண்டியதில்லை, மீனே கருவி. நீரில் கரைந்த காற்று குறைந்தால், செவுளையே பெரிதும் நம்பிய அயிரை, கெண்டை முதலியன முதலில் மறையும். வெளிக்காற்றைக் கொள்ளும் தேளியும் குறவையும் எஞ்சும். எதனையும் பொறுக்கும் ஜிலேபி பெருகும். இம்மூன்றன்றி வேறு மீன் அகப்படாத ஏரி நோயுற்ற ஏரி. அயிரை திரியும் ஓடை நலமுள்ள ஓடை. ஜவ்வாது மலைச் சரிவின் ஓடைகள் தொழிற்சாலைகளுக்கு மேலே இருத்தலால், அங்குள்ள மீன் கீழேரிகளுக்கு வருங்கால விதையாகக் கூடும். சங்கிலியின் தலைப்பக்கம் காக்கப்படின் கடைப்பக்கத்துக்கு நம்பிக்கை உண்டு.

நாம் செய்யக்கடவன

இவ்வளவும் கூறியது பழம்பெருமை பேசுதற்கு அன்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னாட்டுச் சாதிகள் பற்றிய நூலில், செம்படவர் ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடிப்போர், கடலில் பிடியார் என்று எழுதினார். நம்மைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் காட்டியது இந்நன்னீர் அறிவே. இன்று நம் பிள்ளைகள் ஆசிரியரும் பொறியியலாரும் ஆகின்றனர். மகிழத்தக்கதே. அவர்கள் மீண்டும் வலை தோளிலிட வேண்டும் என்று யாம் விரும்பவில்லை. அறிவு வேறு, தொழில் வேறு. தொழிலை விடலாம், அறிவை விடலாகாது.

ஆதலின் அன்பர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேம். முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் மூத்தோரிடம் அமர்ந்து, அவர் அறிந்த மீன் பெயர், அதன் அடையாளம், அது கிடைத்த மாதம், ஏரி, பிடித்த கருவி ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஊருக்கு ஊர் பெயர் மாறும், மாறியவாறே எழுதுக. இரண்டாவது, குத்தகை எடுக்கும் நம் கூட்டுறவுச் சங்கத்தார், வைகாசி, ஆனியில் ஓர் ஆழ்மடுவை வலைபடாமல் விடுதலையும், முதல் புதுவெள்ளத்தின்போது வரத்துக்கால் வாயைப் பதினைந்து நாள் அடைக்காதிருத்தலையும், கொசுவலையால் குஞ்சு வாருவதைத் தடுத்தலையும் தமக்குத் தாமே விதியாக்குக. அரசாணையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது, கட்லாவும் ரோகுவும் விடும் ஏரியில் நாட்டுச் சிறுமீனைக் களையென்று கொல்லாதிருக்குமாறு ஊராரோடும் அதிகாரிகளோடும் பேசுக.

இவ்வாண்டுப் புதுவெள்ளம் வந்தபின் ஒருநாள், அம்மாணவரை மலையடி ஓடைக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேம். எம் சிற்றப்பா உடன் வருவதாக இசைந்துள்ளார். வயது எழுபதைக் கடந்தும் ஆரல் பதுங்கும் இடத்தைக் காலால் துழாவி அறிய வல்லவர் அவர். ஒன்றைப் பிடித்துக் காட்டி மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோம் என்று கூறினார். அகப்பட்டால் நன்று. அகப்படாவிடினும், "ஒருவகை மீன்" என்னும் விடைக்குமேல் அறியத்தக்கது உண்டு என்பதையேனும் பிள்ளைகள் அன்று உணர்வர்.

நீர் வாழ்க! மீன் வாழ்க! அவற்றை அறிந்த குலமும் வாழ்க!